வெள்ளி மாலையின் அவசரம்

ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருப்பாடுகளின் வரலாற்றை நாம் எல்லாரும் நின்றுகொண்டே கேட்கின்றோம். அதன் இறுதிப் பகுதியில் ஓர் அவசரம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அரிமத்தியா ஊர் சூசை பிலாத்துவிடம் ஓடுகின்றார். திருவுடலை இறக்குகின்றார்கள். அருகிலிருந்த கல்லறை என்பதனாலேயே அதனைத் தேர்ந்துகொள்கின்றார்கள். பரிமளத் தைலம் பூசும் கடமைகூட முற்றுப் பெறவில்லை. கலிலேயாவிலிருந்து உடன் வந்த பெண்கள் இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு வீடு திரும்பி, மறுநாள் முழுவதும் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள் என்று புனித லூக்காஸ் எழுதுகின்றார். தாங்கள் உயிரினும் மேலாக நேசித்த ஒருவரின் உடலைக்கூட அரைகுறையாக விட்டுச் செல்லும்படி அவர்களை விரட்டியது எது? உரோமைப் போர்வீரர் அல்லர். மறைந்துகொண்டிருந்த கதிரவன். கதிரவன் மறைந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும்.

யூத மக்களுக்கு நாள் என்பது மாலையில் தொடங்கி மாலையில் முடிவது. தொடக்க நூலின் படைப்பு வரலாற்றில் மாலை முதலிலும் காலை பின்னுமாக வருவதை அவர்கள் எழுத்தெழுத்தாகக் கைக்கொள்கின்றார்கள். நம் திருச்சபையும் அந்த வழக்கத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை நிறைவேற்றுவது எவ்வாறு என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. அது வசதிக்காக யாரோ புகுத்திய சலுகையன்று. நம் மூதாதையரின் நாட்கணக்கு அது. திருநாளுக்கு முந்திய மாலையிலேயே திருநாள் பிறந்துவிடுகின்றது.

இந்த அவசரத்தை நூல்களில் கற்றிருந்த நான், அதனைக் கண்ணாரக் கண்டது குருமடத்திலன்று. நம் தூத்துக்குடியின் கடற்கரைச் சாலையில். கொச்சியில் பணியாற்றும் நண்பரான குரு ஒருவர், தமக்கு அறிமுகமான யூதப் பயணி ஒருவர் தூத்துக்குடியைக் காண வருவதாகவும், இயன்ற உதவி செய்யுமாறும் எழுதியிருந்தார். பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் காலை ஒன்பது மணிக்கு அவர் வந்து இறங்கினார். என் வயதை ஒத்தவர். நரைத்த தாடி; தலையில் சிறு குல்லாய்; தோளில் ஒரு பை. கைகுலுக்கி முடித்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, முத்து எங்கே கிடைக்கும் என்பதன்று. துறைமுகம் எங்கே என்பதுமன்று. “இங்கே கதிரவன் மறைவது 6.25 மணிக்குத்தானே?” என்றார். அவர் கையிலிருந்த தாளில் அவ்வாறு குறித்திருந்தது. அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னதாக, அதாவது 6.07க்குள் தம் அறையில் விளக்கேற்றிவிட வேண்டும். அதன்பின் மறுநாள் வானில் மூன்று விண்மீன்கள் தோன்றும்வரை தாம் நெருப்பு மூட்டுவதோ, வண்டியேறுவதோ, பணத்தைத் தொடுவதோ, எழுதுவதோ இல்லை என்றார். ஓய்வுநாளை அவர் தம் முன்னோர் உச்சரித்தபடி ‘ஷாபஸ்’ என்றே சொன்னார்.

இவ்வாறு ஒன்பது மணி நேரத்திற்குள் ஊரைப் பார்க்கும் பணி தொடங்கிற்று.

பழைய துறைமுகத்திற்குப் போனோம். 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டதையும், அதற்காக அவர் சிறையில் செக்கிழுத்ததையும் சொன்னேன். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று அப்பெருமகனாரின் பெயரையே தாங்கி நிற்கும் புதிய துறைமுகத்தைத் தொலைவிலிருந்து காட்டினேன். உப்பளங்களில் வெயிலில் மின்னிய வெண்குவியல்களைக் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். எருசலேம் திருக்கோவிலில் உப்பிடாத பலி ஒன்றும் இருந்ததில்லை என்றும், அதன் நினைவாகவே இன்றும் தம் வீடுகளில் அப்பத்தை உப்பில் தொட்டு உண்பது வழக்கமென்றும் கூறினார்.

மீன் விற்கும் இடத்தில் அவர் நடந்துகொண்ட விதம் நம் பெண்களுக்குப் பெருவேடிக்கையாயிற்று. துடுப்பும் செதிலும் உடைய மீன்களையே உண்ணலாம் என்பது லேவியர் நூலின் சட்டம். ஆகவே அவர் ஒவ்வொரு கூடையையும் குனிந்து பார்த்துத் தமக்குள் பிரித்துக்கொண்டே வந்தார். சாளை ஆகும், விளமீன் ஆகும், பாறை ஆகும். சுறா ஆகாது, திருக்கை ஆகாது, கெளுத்தி ஆகாது, நண்டும் இறாலும் கணவாயும் ஆகவே ஆகா. “சாமி, இவரு மீன் வாங்க வந்தவரா, மீனுக்குப் பரீட்சை வைக்க வந்தவரா?” என்று ஒரு தாய் கேட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சேர்ந்து சிரித்தார். முத்துச்சிப்பியை உண்ணலாமா என்று கேட்டேன். சிப்பி விலக்கப்பட்டது என்றார். முத்தோ? அது உணவன்று, ஆகவே தடையில்லை. சிப்பியைத் தள்ளி முத்தைக் கொள்ளும் வழக்கம் அவர் நாட்டிலும் உண்டென்று அறிந்து, நானும் சிரித்தேன்.

அவர் காண விரும்பிய முத்துக்குளிப்பு இன்று இல்லை. மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடைபெற்றதே கடைசி வரிசை. நெற்றியில் நீர் ஊறும் வெயிலில், கல்லைக் காலிற் கட்டிக்கொண்டு இறங்கிய குளியாளிகளைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவற்றை அவருக்குச் சொன்னேன். ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் கரையெங்கும் வணிகர் கூட்டம் காத்திருக்கும். ஒவ்வொரு நாளும் பெரும்பணம். ஆயினும் ஞாயிறு ஓய்வாகவே இருந்தது. இதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்து, “அப்படியானால் இந்தக் கடல் ஓய்வுநாளை அறிந்த கடல்” என்றார்.

நண்பகல் கடந்த பின் பனிமய அன்னையின் திருத்தலத்திற்கு வந்தோம். 1713இல் எழுந்த ஆலயம். ஆகஸ்டு ஐந்தாம் நாளில் சாதி மதம் பாராமல் மக்கள் கூடும் இடம். பொற்றேரின் வரலாறு யாவரும் அறிந்தது. உள்ளே அழைத்துச் செல்ல நான் முன்னே நடந்தேன். அவர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். தம் மார்க்கத்தைக் கடுமையாகக் கைக்கொள்ளும் யூதர் பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திற்குள் செல்வதில்லை. அவமதிப்பு இல்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மிகுந்த தயக்கத்துடன் சொன்னார். அருகில் நின்ற நம் இளைஞர் இருவருக்கு முகம் சுருங்கிற்று. “மாதா கோவிலுக்குள் வர மனமில்லாதவருக்கு நாம் ஏன் ஊர் காட்ட வேண்டும், சாமி?” என்று ஒருவன் கேட்டே விட்டான்.

அவனுக்கு நான் சொன்னதை இங்கும் சொல்லுகின்றேன். அந்த ஆலயத்தில் நாம் வணங்கும் அன்னை, வெள்ளி மாலையில் விளக்கேற்றிய வீட்டில் வளர்ந்தவள். அவளுடைய திருமகன் ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்திற்குச் செல்வதைத் தம் வழக்கமாகக் கொண்டிருந்தார் என்று நற்செய்தி கூறுகின்றது. வாயிலில் நிற்கும் மனிதர் நமக்குப் புதியவராயினும் அவ்வீட்டிற்குப் பழையவர். தாம் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை அறிந்து, அதற்காக அந்நியர் முன்னிலையில் கூச்சப்படவும் துணிந்தவர். நம் பிள்ளைகள் வெளியூர் சென்றால் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை நண்பர்கள் முன்னிலையில் மறைக்கின்றார்களே, அவர்களுக்கு இவரிடம் கற்க ஒன்று உண்டு.

ஆலயத்தின் நிழல் விழுந்த இடத்தில் அமர்ந்து இளநீர் அருந்தினோம். நம் ஊர் மக்ரூனை நான் நீட்டியபோது, எந்த அடுப்பில் எந்தப் பாத்திரத்தில் செய்யப்பட்டது என்று அறியாததை உண்ணலாகாதென்று மறுத்தார். இளநீரும் பழமும் மட்டுமே அவருக்கு அன்றைய உணவு. அங்கே நான் பெருமையுடன் அண்டிரிக் அடிகளாரைப் பற்றிச் சொன்னேன். தமிழில் முதன்முதலாக 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சேற்றியவர். 1547 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்த முத்துக்குளித்துறையில் உழைத்தவர். 1600இல் புன்னைக்காயலில் உயிர்துறந்து தூத்துக்குடியில் அடக்கம் பெற்றவர். அவர் பிறந்தது போர்ச்சுக்கல் நாட்டு யூத வழிக் குடும்பத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உமக்கும் எங்களுக்கும் இப்படியோர் உறவு இருக்கின்றது என்பது என் கருத்து.

பயணி உடனே விடை சொல்லவில்லை. இளநீர்க் காயைக் கீழே வைத்தார். 1497இல் போர்ச்சுக்கலில் யூதர் அனைவரும் கட்டாயத்தின் பேரில் திருமுழுக்குப் பெற்ற வரலாற்றை அவர் அறிந்திருந்தார். “அவருடைய பாட்டியார் வெள்ளி மாலையில் விளக்கேற்றியிருப்பாரா? ஏற்றியிருந்தால் எந்தச் சன்னலை மூடிக்கொண்டு ஏற்றியிருப்பார்?” என்று மெல்லக் கேட்டார்.

அன்பர்களே, அக்கேள்விக்கு வரலாறு தரும் விடை நமக்கு இனியதன்று. கோவாவில் 1560இல் நிறுவப்பட்ட விசாரணை மன்றத்திற்கு, வெள்ளி மாலையில் விளக்கேற்றுவதும் சனிக்கிழமை துவைத்த ஆடை உடுத்துவதும் குற்றத்தின் அடையாளங்கள். அண்டிரிக் அடிகளாரே முதலில் பிரான்சிஸ்குவின் சபையில் சேர்ந்தபின், யூத வழியினர் என்னும் காரணத்தால் அங்கிருந்து விலக நேர்ந்தவர். அதன்பின்னரே இயேசு சபையில் இடம்பெற்றுக் கீழ்த்திசை வந்தார். அவருடைய விசுவாசம் மெய்யானது. நம் மொழிக்கும் நம் மக்களுக்கும் அவர் தந்த வாழ்வே அதற்குச் சான்று. ஆயினும் அவருடைய முன்னோரிடமிருந்து ஒரு நாள் பறிக்கப்பட்டது என்பதும் மெய். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் யூத மக்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும், 1986 பிப்ரவரியில் நம் நாட்டிற்கு வந்து சென்ற இரண்டாம் அருள் சின்னப்பர் அதே ஆண்டு ஏப்ரலில் உரோமை நகர் யூதத் தொழுகைக்கூடத்திற்குச் சென்று அவர்களை மூத்த சகோதரர்களாகப் போற்றியதும், 2000ஆம் ஆண்டில் திருச்சபையின் மக்கள் யூதருக்கு இழைத்தவற்றிற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டியதும் இந்த மெய்யை மறைக்காத செயல்கள். பெரியோர் மறைக்காததை நாமும் நம் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டுவதில்லை.

மாலை நான்கு மணிக்கு மற்றொரு சம்பவம். கடற்கரையில் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் ஃபைபர் வள்ளத்தின் அருகே வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். பயணி கடலுக்குள் சென்று வலை இழுப்பதைக் காண மிகவும் ஆசைப்படுகின்றார் என்றறிந்து, “நாளை விடியற்காலை வரட்டும், சாமி, காசு ஒன்றும் வேண்டாம்” என்றார். நான் மொழிபெயர்த்தேன். பயணியின் முகம் மலர்ந்தது; உடனே வாடிற்று. நாளை ஓய்வுநாள். ஞாயிறு காலை போகலாமா என்று அவர் கேட்டார். இப்போது வாடியது இளைஞரின் முகம். ஞாயிறன்று கடலுக்குச் செல்லலாகாதென்பது அவ்வூரின் கட்டுப்பாடு. திங்களன்று பயணி சென்னையில் இருக்க வேண்டும். “அவருக்குச் சனி ஆகாது, நமக்கு ஞாயிறு ஆகாது. அவர் கடலைப் பார்க்க ஆண்டவர் நாளே வைக்கவில்லையே, சாமி!” என்று இளைஞர் சொல்ல, மூவரும் சிரித்தோம். நெடுந்தூரம் கடந்து வந்தவர், காண விரும்பிய ஒன்றைக் காணாமலே திரும்பினார். அவர் முணுமுணுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விடுதிக்குப் புறப்பட்டோம்.

அங்கே நான் கண்டவற்றை நம் தாய்மார் அறிய விரும்புவார்கள். முதலில் குளித்து வெண்சட்டை அணிந்தார். குளியலறை மின்விளக்கை ஏற்றி, யாரும் மறந்து அணைத்துவிடாதபடி பொத்தானின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினார். மறுநாள் தெருவில் எதையும் சுமந்து செல்லலாகாதாகையால், வெளியே நடக்கும்போது அறைச் சாவியை வரவேற்பு மேசையிலேயே வைத்துக்கொள்ளுமாறு மேலாளரிடம் முன்கூட்டியே சொன்னார். கைப்பேசியை அணைத்துப் பையின் அடியில் வைத்தார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, தாம் கொண்டுவந்திருந்த இரண்டு அப்பங்களை மூடி வைத்தார். பாலைவனத்தில் ஆறாம் நாளில் மன்னா இருமடங்காகக் கிடைத்ததன் நினைவே இரண்டு அப்பம். பின் இரண்டு சிறு மெழுகுதிரிகள். 6.07 ஆவதற்குள் அவற்றை ஏற்றிச் செபம் சொல்லி முடித்தார். பகலெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியவர், அதன்பின் ஒருமுறையேனும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விரட்டியது நின்றுபோயிற்று. தேடி ஓடிய விருந்தாளி வீட்டிற்குள் வந்தமர்ந்துவிட்டாற்போல அவர் அமர்ந்திருந்தார்.

இவரைப்போன்ற பயணிகள் நம் தென்னகத்திற்குப் புதியவரல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே துதேலா நகர்ப் பெஞ்சமின் என்னும் யூதப் பயணி கொல்லத்தைப் பற்றியும் அங்கு வாழ்ந்த தம் இனத்தாரைப் பற்றியும் குறித்துள்ளார். ஒல்லாந்தர் தூத்துக்குடியை 1658இலும் கொச்சியை 1663இலும் கைப்பற்றிய பின், 1686இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து மோசே பெரேரா த பைவா என்பவர் கொச்சிக்கு வந்து, அங்குள்ள யூதரின் குடும்பங்களையும் வழக்கங்களையும் நேரிற் கண்டு எழுத, அது அடுத்த ஆண்டே அச்சாயிற்று. எருசலேமிலிருந்து புறப்பட்டு அரபு நாடுகளையும் பாரசீகத்தையும் கடந்து வந்த தாவீது தெ பேத் இல்லேல் என்னும் யூத குரு, தம் பயண நூலை 1832இல் நம் சென்னையிலேயே வெளியிட்டார். அச்சென்னையின் பவளக்காரத் தெருவும் ஒரு காலத்தில் யூதப் பவள வணிகர் வாழ்ந்த தெருவே. இவர்கள் யாவரும் ஒவ்வொரு வெள்ளியன்றும், தெரியாத ஏதோவோர் ஊரில், கதிரவனைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார்கள்.

சனிக்கிழமை மூன்று விண்மீன்கள் தோன்றிய பிறகு அவர் என் இல்லத்திற்கு வந்தார். முந்திய ஓய்வுநாளை மட்டாஞ்சேரியில் கழித்ததைப் பற்றிச் சொன்னார். அங்குள்ள பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. 1968இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவிற்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் சென்றிருந்தார். தரையெங்கும் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள். ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யோசேப்பு ரப்பான் என்பவருக்கு வழங்கிய செப்பேடு அம்மக்களின் செல்வம். ஆயினும் 1948இல் இசுரயேல் நாடு பிறந்தபின் கொச்சி யூதர் பெரும்பாலும் அங்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று அத்தெருவில் எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். முழுமையான பொது வழிபாட்டிற்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும் என்பது அவர்களின் விதி. ஊரார் போதாமையால், வழிப்போக்கராய் வரும் யூதர் சேர்ந்தாலன்றிப் பத்து நிறைவதில்லை. “நான் வேடிக்கை பார்க்கப் போனேன், அங்கே தேவைப்பட்டேன்” என்றார்.

நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டிய சொல் அது. நம் ஆலயங்களில் ஞாயிறன்று நூற்றுக்கணக்கானோர் நிற்கின்றோம். ஆகவே நான் ஒருவன் வராவிட்டால் என்ன என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றோம். பத்தாவது மனிதனுக்கு அவ்வாறு எண்ணும் உரிமை இல்லை.

அவ்விரவு நான் அவரிடம் ஒரு வினாவை வைத்தேன். அதுவே இக்கட்டுரையின் உள்ளீடு. வள்ளக்கார இளைஞரை நினைவிருக்கின்றதன்றோ? எந்திரத்திற்கும் வலைக்கும் கடன் வாங்கியவர். வாரத்தில் மூன்று நாள் காற்றடித்துக் கடலுக்குப் போக முடியாமற்போய், ஞாயிறன்று கடல் அமைதியாகக் கிடந்தால், அவர் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை கட்டுப்பாட்டை மீறிச் சென்றதற்காக ஊர்க் கமிட்டி அவருக்குத் தண்டம் விதித்திருந்தது. “சாமி, கடலுக்கு ஞாயிறு உண்டு; வட்டிக்கு ஞாயிறு கிடையாதே!” என்று அவர் என்னிடம் முறையிட்டிருந்தார். அந்தச் சொல் பல நாள் என் செபத்தில் குறுக்கே நின்றது. கட்டளையைத் தளர்த்தவும் எனக்கு மனமில்லை. பசித்த வீட்டின்மேல் அதனைச் சுமத்தவும் மனமில்லை. உம் மக்கள் இத்தகையவருக்கு என்ன சொல்லுவார்கள் என்று கேட்டேன்.

பயணி சொன்ன விடை எளியது. உயிர் காக்க வேண்டிய இடத்தில் ஓய்வுநாள் விலகி நிற்கும். அது தங்கள் சட்டத்தில் ஐயமற்றது. மருத்துவர் போகலாம், தீயணைப்போர் போகலாம். ஆனால் வறுமைக்கு விடை வேறு. பழங்காலந்தொட்டு யூத ஊர்களில் பொதுப் பெட்டி ஒன்று உண்டு. நம்பிக்கைக்குரியோர் அதற்கென வீடுவீடாகத் தண்டி, ஒவ்வொரு வெள்ளியன்றும் ஏழைகளுக்கு அடுத்த வாரத்து உணவிற்கானதைப் பங்கிட்டுக் கொடுப்பர். ஓய்வுநாளை எல்லாரும் கைக்கொள்ள வேண்டுமென்று கட்டளையிடும் ஊர், எல்லாரும் கைக்கொள்ளத்தக்க நிலையை உண்டாக்கவும் கடமைப்பட்டது. “வெள்ளிக்கிழமை எங்கள் அவசரத்தில் பாதி அதுதான். என் வீட்டு விளக்குக்கு முன் அடுத்த வீட்டு எண்ணெயைப் பார்க்க வேண்டும்” என்றார்.

யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் ஓய்வுநாள் கட்டளையை எடுத்து வாசியுங்கள். ஓய்வு யாருக்கு என்று அங்கே பட்டியல் இருக்கின்றது: மகனுக்கும் மகளுக்கும், வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், மாட்டிற்கும், ஊரில் தங்கும் அந்நியனுக்கும். எகிப்தில் ஓய்வின்றி உழைத்த அடிமைகளுக்கு இறைவன் தந்த உரிமை அது. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் கூறியதும் அவ்வுரிமையைக் காக்கவேயன்றி, நம் சோம்பலுக்கோ பேராசைக்கோ சலுகை தரவன்று. நம் கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாக ஞாயிறன்று வலையை உலர்த்திவிட்டுப் பூசைக்கு வந்ததன் பொருளும் அதுவே. 1544இல் தம் சபைச் சகோதரருக்கு எழுதிய மடலில், ஞாயிறுதோறும் இக்கரை மக்களைக் கூட்டிச் செபம் கற்பித்ததைப் புனித சவேரியார் விரிவாக எழுதுகின்றார். வேறெந்த நாளில் அவர்களைக் கூட்ட இயன்றிருக்கும்?

இன்று அரசும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகின்றது. மீன்கள் இனம்பெருக அந்த ஓய்வு தேவை என்று அறிஞர் கூறுவதை ஏற்கின்றோம். அந்நாட்களில் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் வழங்கப்படுகின்றது. கடலுக்கு ஓய்வு வேண்டுமானால் அதற்குரிய விலையை யாரேனும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதை அரசே உணர்ந்திருக்கும்போது, ஞாயிறுக்குரிய விலையை ஏழை ஒருவனே தனித்துச் செலுத்தட்டும் என்று பங்குச் சமூகம் இருந்துவிடலாமா?

பயணி ஞாயிறு காலையே சென்னைக்குப் புறப்பட்டுவிட்டார். அடுத்த மாதம் நம் அன்பியக் கூட்டங்களில் இதனை விவாதித்தோம். தண்டம் வாங்கிய கமிட்டியாரும் வந்திருந்தனர். காரசாரமான சொற்களும் எழுந்தன. இறுதியில் ஓர் அன்பியம் மட்டும் முன்வந்தது. சனிக்கிழமைதோறும் வசதியுள்ள வீடுகளில் தண்டி, அந்த வாரம் கடல் கைவிட்ட குடும்பங்களுக்கு வட்டியின்றி உதவுவதென்று முடிவாயிற்று. பெரிய தொகையன்று. வள்ளக்கார இளைஞர் ஞாயிறுகளில் கடலுக்குப் போவதை விட்டுவிட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று ஞாயிறு போகவில்லை; நான்காம் ஞாயிறு போனார். அன்று மாலை அவர் வீட்டிற்குச் சென்றவர்கள் தண்டச் சீட்டுடன் செல்லவில்லை. வட்டிக் கணக்கை எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டுடன் சென்றார்கள். நம் பங்கில் இது புதிது.

குடும்பத்தாரே, கடலுக்குச் செல்லாத வீடுகளுக்கும் ஞாயிறு இன்று எளிதாக இல்லை. துறைமுகத்தில் முறைப்பணி, மருத்துவமனையில் தாதியர் பணி, கடைகளில் விடுமுறையற்ற உழைப்பு. அவர்களை இறைவன் அறிவார். அவர்களுக்கு வாரத்தில் வேறொரு நாளேனும் ஓய்வு கிடைக்கும்படி நாம் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் பிள்ளைகளின் ஞாயிறு டியூசனை விதித்தவர் யார்? உணவு மேசையில் நால்வர் நான்கு கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி கட்டளையிட்டவர் யார்? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை ஞாயிறன்றும் வரச்சொல்வது எந்தத் தேவையால்?

சனி மாலை மூவேளைச் செப மணி அடிக்கும்போது ஞாயிறு பிறந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அதற்கு முன்பே சமையலுக்குரியவற்றை ஒழுங்குசெய்துவிட்டு, வேலைக்காரப் பெண்ணுக்கு வாரக் கூலியைக் கொடுத்து, மறுநாள் வர வேண்டாமென்று சொல்லி அனுப்புங்கள். கைப்பேசிகளை ஓரிடத்தில் வையுங்கள். அடுத்த வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று ஒரு பிள்ளையை அனுப்பிப் பார்த்து வரச்சொல்லுங்கள். எரியவில்லையென்றால், அதற்குரியதைச் செய்துவிட்டு, அதன்பின் உங்கள் வீட்டுச் செபமாலையைத் தொடங்குங்கள்.